பிறர் கையில் இருக்கும் அனுமதி: ஹைதராபாதின் இரண்டு விசாப் பாதைகள்

ஹைதராபாதிலிருந்து பிழைப்புக்காக வெளிநாடு செல்வோருக்கு பல பத்தாண்டுகளாக இரண்டு பாதைகள் இருந்துவருகின்றன. சார்மினாரைச் சுற்றியுள்ள பழைய நகரத்திலும், கரீம்நகர், ஜகத்தியால், நிஜாமாபாத் ஆகிய வட தெலங்கானா மாவட்டங்களிலும் தொடங்கும் முதல் பாதை, வளைகுடா நாடுகளின் கட்டுமானத் தளங்களிலும் கடைகளிலும் செல்வர் வீடுகளின் சமையலறைகளிலும் சென்று முடிகிறது. பொறியியல் கல்லூரிகளிலும் அமீர்பேட்டைப் பயிற்சி நிலையங்களிலும் தொடங்கும் இரண்டாம் பாதை, அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் வழியாக டெக்சாஸ், நியூஜெர்சி, கலிஃபோர்னியா மாநிலங்களின் மென்பொருள் அலுவலகங்களைச் சென்றடைகிறது. இவ்விரு பாதைகளில் செல்வோரின் குடும்பங்கள் ஒன்றையொன்று அறிவது அரிது. முதல் வகையினரைப் பற்றித் தொழிலாளர் நலம் என்ற தலைப்பிலும், இரண்டாம் வகையினரைப் பற்றி உயர்கல்வி, வேலைவாய்ப்பு என்ற தலைப்புகளிலும் எழுதுவதே வழக்கமாகிவிட்டது. ஆனால் இரு பாதைகளையும் சட்டத்தின் பக்கமிருந்து பார்த்தால், ஊதியத்திலும் மதிப்பிலும் மலையளவு வேறுபாடு உள்ள இவ்விரு வகை மக்களும் ஒரே அடிப்படையில் அயல்நாட்டில் வாழ்கிறார்கள் என்பது புலப்படும்: அவர்கள் தங்கியிருப்பதற்கான அனுமதி அவர்கள் பெயரில் இருந்தாலும், அதன் உயிர்நாடி ஒரு முதலாளியின் கையிலோ ஒரு கல்லூரியின் கையிலோ இருக்கிறது.

இதை விளங்கிக்கொள்ள, விசா என்பதையும் தங்கும் அனுமதி என்பதையும் பிரித்தறிய வேண்டும். விசா என்பது ஒரு நாட்டின் எல்லைவரை வந்து உள்ளே நுழையக் கேட்பதற்கான சீட்டு மட்டுமே. உள்ளே நுழைந்தபின் எத்தனை நாள் தங்கலாம், என்ன செய்யலாம் என்பதை வேறொரு ஆவணம் தீர்மானிக்கிறது. அமெரிக்காவின் சுற்றுலா விசா இந்தியருக்குப் பெரும்பாலும் பத்தாண்டுச் செல்லுபடியுடன் வழங்கப்படுகிறது. பிள்ளைகளைப் பார்க்கச் செல்லும் பெற்றோர் பலர் அதனைப் பத்தாண்டுக் குடியிருப்பு உரிமையாகக் கருதிக்கொள்கிறார்கள். உண்மையில் விமான நிலையத்தில் குடிவரவு அதிகாரி பதிவு செய்யும் ஐ-94 என்னும் வருகைப் பதிவே தங்கும் காலத்தை வரையறுக்கிறது. அது பொதுவாக ஆறு மாதத்தைத் தாண்டுவதில்லை. வளைகுடாவிலும் இதுவே நிலை. விசாவில் சென்றிறங்கியவருக்கு அங்கு வழங்கப்படும் இகாமா என்னும் குடியிருப்பு அட்டையே அவரைச் சட்டப்படியான மனிதராக ஆக்குகிறது. அந்த அட்டையைப் புதுப்பிக்கும் பொறுப்போ கஃபீல் எனப்படும் பொறுப்பாளரிடம், அதாவது அவரை வரவழைத்த முதலாளியிடம் இருக்கிறது.

ஹைதராபாதுக்கும் அரபு நாடுகளுக்கும் இடையிலான போக்குவரத்து எண்ணெய்க் காலத்துக்கு முந்தியது. நிஜாம்களின் படையில் சேவை புரிவதற்காக ஏமனின் ஹத்ரமவுத் பகுதியிலிருந்து வந்த அரபியர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் நகரின் தென்பகுதியிலுள்ள பார்க்கஸில் வாழ்கிறார்கள். 1970களில் எண்ணெய் விலை உயர்ந்து வளைகுடா நாடுகள் தங்கள் நகரங்களைக் கட்டியெழுப்பத் தொடங்கியபோது, உறவும் மொழிப் பழக்கமும் இருந்த பழைய நகரத்தார் அவ்வழியில் சென்றனர். மழை பொய்த்து ஆழ்துளைக் கிணறுகளும் கைவிட்ட வட தெலங்கானாவின் சிற்றுழவர்களும் நெசவாளர்களும் அவர்களைப் பின்தொடர்ந்தனர். அங்கு அவர்களை ஆண்ட முறை கஃபாலா என்பதாகும். தொழிலாளியின் வருகைக்கும் தங்கலுக்கும் புறப்பாட்டுக்கும் ஒரு தனி முதலாளியே பொறுப்பு என்பது அதன் சாரம். முதலாளியை விட்டு விலகிய தொழிலாளியை ஓடிப்போனவர் என்று அந்த முதலாளி அறிவித்துவிட்டால், ஊதியம் தராததாலேயே அவர் வெளியேறியிருந்தாலும், அன்று முதல் அவர் சட்டவிரோதக் குடியிருப்பாளர் ஆகிவிடுவார். கத்தார் 2020-இல் முதலாளியின் ஒப்புதலின்றியே வேலை மாறலாம் எனச் சட்டம் திருத்தியது உள்ளிட்ட சீர்திருத்தங்கள் நிகழ்ந்திருக்கின்றன. எனினும் பாஸ்போர்ட்டைப் பறித்து வைத்துக்கொள்ளும் பழக்கம் சட்டத்தை மீறி நீடிக்கிறது.

இந்த இறுக்கத்திலிருந்து தப்புவதற்கு ஹைதராபாத் சந்தை கண்டுபிடித்ததே ஆசாத் விசா, அதாவது விடுதலை விசா. வளைகுடாவிலுள்ள ஒருவர் பெயரளவில் முதலாளியாகக் கையொப்பமிட்டு ஒரு விசாவை விற்றுவிடுவார். வாங்கியவர் அங்கு சென்று தாமே வேலை தேடிக்கொண்டு, ஆண்டுதோறும் இகாமாவைப் புதுப்பிக்கும்போது அந்தப் பெயரளவு முதலாளிக்குத் தொகை செலுத்துவார். பெயரில் விடுதலை இருந்தாலும் இதைவிடப் பலவீனமான நிலை வேறொன்றில்லை, ஏனெனில் அட்டையிலுள்ள முதலாளியிடம் வேலை செய்யாமல் மற்றொருவரிடம் வேலை செய்வதே குற்றம். ஊதியம் கிடைக்காவிட்டால் முறையிட இடமில்லை. விபத்து நேர்ந்தால் இழப்பீடு கேட்க ஆளில்லை. ஆவணம் இழந்து இப்படி அலைவோரைத் தெலங்கானாக் கிராமங்களில் கல்லிவல்லி என்பார்கள். ஐக்கிய அரபு அமீரகம் 2018-இலும், பின்னர் 2024 செப்டம்பர் முதல் டிசம்பர் வரையிலும் பொதுமன்னிப்பு அறிவித்தபோது, அபராதமின்றி ஊர் திரும்ப வரிசையில் நின்றவர்களுள் இத்தகையோரும் இருந்தனர்.

இந்திய அரசு இவ்வகைத் தொழிலாளர்களுக்காகத் தனிச் சட்டம் ஒன்றை வைத்திருக்கிறது. 1922-இன் குடியேற்றச் சட்டத்துக்குப் பதிலாக 1983-இல் இயற்றப்பட்ட அச்சட்டத்தின்படி, பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட குறிப்பிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குச் செல்லும்முன் குடியேறுவோர் பாதுகாவலர் என்னும் அதிகாரியின் ஒப்புதலைப் பெற வேண்டும். ஆள் எடுக்கும் முகவர் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். தொழிலாளியிடம் அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாய் என வரம்பு உண்டு. பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்னும் பத்து இலட்ச ரூபாய்க் காப்பீடும் உண்டு. 2014 முதல் இ-மைக்ரேட் என்னும் இணைய முறை வழியாக ஒப்பந்தமும் முதலாளியின் விவரமும் சரிபார்க்கப்படுகின்றன. ஏட்டளவில் இது கவனமான ஏற்பாடுதான். ஆனால் ஒப்புதல் பெறுவதற்குக் காலமும் சான்றுகளும் தேவைப்படுவதால், துணை முகவர்கள் மிக எளிய குறுக்குவழி ஒன்றைக் கையாள்கிறார்கள்: தொழிலாளியைச் சுற்றுலா விசாவில் அனுப்பிவிட்டு, அங்கு சென்றபின் வேலை விசாவாக மாற்றிக்கொள்ளலாம் என்று உறுதி கூறுகிறார்கள். அவர் சுற்றுலாப் பயணி என்பதால் சட்டத்தின் பாதுகாப்பு எதுவும் அவருக்கு இல்லாமற் போகிறது. பெண்களின் பாதுகாப்புக் கருதி, ஒப்புதல் தேவைப்படும் பிரிவிலுள்ள பெண்கள் முப்பது வயது நிறையாமல் அந்நாடுகளுக்கு வேலைக்குச் செல்லக் கூடாது என்று விதிக்கப்பட்டுள்ள தடையும் இதே விளைவையே தந்திருக்கிறது. பழைய நகரத்து இளம்பெண்கள் பலர் வீட்டு வேலைக்குச் சுற்றுலா விசாவில் சென்று சிக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

மண்டபம் முகாமையும் இலங்கைத் தோட்டங்களுக்குத் தொழிலாளர்களை இட்டுச்சென்ற கங்காணி முறையையும் அறிந்த தமிழ் வாசகருக்கு இதில் புதுமை குறைவு. புதுக்கோட்டையிலும் திருவாரூரிலும் சிங்கப்பூர் கட்டுமான வேலைக்குச் செல்லும் இளைஞரின் ஒர்க் பெர்மிட்டும் ஒரு முதலாளியின் பெயரோடு பிணைந்ததே.

இரண்டாம் பாதையின் வரலாறு இதைவிட இளையது. 1990-இன் அமெரிக்கக் குடிவரவுச் சட்டம் எச்-1பி என்னும் தற்காலிகப் பணி விசாவைத் தோற்றுவித்தது. குறைந்தது இளநிலைப் பட்டம் தேவைப்படும் சிறப்புத் துறைகளுக்கு மூன்றாண்டும், நீட்டித்தால் மொத்தம் ஆறாண்டும் தங்கும் அனுமதியை அது அளிக்கிறது. விண்ணப்பிப்பவர் முதலாளிதான், பணியாளர் அல்லர். இரண்டாயிரமாவது ஆண்டில் கணினிகள் தேதியைத் தவறாகக் கணக்கிடும் என்ற அச்சம் எழுந்தபோது நிரலாளர்களுக்குத் தேவை பெருகியது. ஆண்டுக்கு 65,000 என்றிருந்த வரம்பு 1999-இல் 1,15,000 ஆகவும், 2001 முதல் 2003 வரை 1,95,000 ஆகவும் உயர்த்தப்பட்டு, பின்னர் மீண்டும் 65,000-க்குத் திரும்பியது. அமெரிக்காவில் முதுநிலைப் பட்டம் பெற்றோருக்குத் தனியாக 20,000 இடங்கள் சேர்க்கப்பட்டன. இந்த ஏற்ற இறக்கத்தின் அலைகள் நேராக அமீர்பேட்டையில் வந்து மோதின. மைத்ரிவனம் கட்டடத்தைச் சுற்றிய சந்துகளில் ஜாவாவும் ஆரக்கிளும் சில வாரங்களில் கற்றுத்தரும் நிலையங்கள் அடுக்கடுக்காக முளைத்தன.

அக்காலத்தில் ஹைதராபாதிலும் சிட்னியிலும் களப்பணி செய்த சீன மானிடவியலாளர் சியாங் பியாவ், தமது ஆய்வை 2007-இல் குளோபல் பாடி ஷாப்பிங் என்ற நூலாக வெளியிட்டார். தெலுங்கு நிலத்தின் வேளாண் உபரியும், அதிலிருந்து திரண்ட வரதட்சணைப் பணமும் இளைஞர்களின் மென்பொருள் பயிற்சிக்கும் அயல்நாட்டுப் பயணத்துக்கும் எவ்வாறு முதலீடாக மாறின என்பதை அந்நூல் காட்டுகிறது. பாடி ஷாப் எனப்படும் சிறு நிறுவனங்கள் பணியாளர்களைத் தம் பெயரில் விசா எடுத்து வரவழைத்து, தேவைப்படும் வேறு நிறுவனங்களுக்கு நாள் கணக்கில் வாடகைக்கு விட்டன. வேலை கிடைக்காத நாட்களில் அவர்கள் பெஞ்சில் அமர்த்தப்பட்டனர், அதாவது ஊதியமின்றியோ அரைகுறை ஊதியத்திலோ காத்திருக்க வைக்கப்பட்டனர். வேலை தருபவர் ஒருவர், காகிதத்தில் முதலாளி வேறொருவர் என்ற இந்த அமைப்பை ஆசாத் விசாவோடு அருகருகே வைத்துப் பார்த்தால், ஒரே நகரத்தின் இரு கோடிகளில் ஒரே வகையான தந்திரம் வேறு வேறு பெயர்களில் வளர்ந்திருப்பது தெரியும். எனினும் இரண்டும் ஒன்றே என்று சொல்லிவிட முடியாது. அமெரிக்காவில் வேலை மாறச் சட்டம் இடம் தருகிறது. பெஞ்ச் காலத்துக்கும் ஊதியம் தர வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்துகிறது. வேலை இழந்தவருக்கு மறு முதலாளியைத் தேட அறுபது நாள் அவகாசம் உண்டு. வீட்டுக் கடனும் பள்ளிக்குச் செல்லும் குழந்தைகளும் உள்ள குடும்பத்துக்கு அறுபது நாள் எவ்வளவு குறுகியது என்பதை 2022-இன் இறுதியில் தொடங்கிய தொழில்நுட்ப ஆட்குறைப்பின்போது பலர் அனுபவித்து அறிந்தனர்.

தற்காலிகம் என்ற சொல்லின் பொருளே இங்கு தேய்ந்துபோகிறது. வேலைவாய்ப்பு அடிப்படையிலான நிரந்தரக் குடியிருப்பு அட்டைகள், அதாவது கிரீன் கார்டுகள், ஆண்டுக்கு ஏறத்தாழ 1,40,000 வழங்கப்படுகின்றன. எந்த ஒரு நாட்டில் பிறந்தோரும் அதில் ஏழு சதவீதத்துக்கு மேல் பெறுவது பொதுவாக இயலாது. எச்-1பி ஒப்புதல்களில் எழுபது சதவீதத்துக்கும் மேல் இந்தியரே பெறுவதால், அவர்களுடைய வரிசை மட்டும் பத்தாண்டுகளாக நீண்டுகொண்டே செல்கிறது. கிரீன் கார்டு மனு நிலுவையில் உள்ளவரை ஆறாண்டு வரம்பைத் தாண்டியும் நீட்டிப்புப் பெறலாம் என்பதால், தற்காலிக அனுமதியை மும்மூன்று ஆண்டுகளாகத் தைத்துத் தைத்து ஒருவர் தம் நடுவயது முழுவதையும் கழித்துவிடுகிறார். எச்-4 விசாவில் உடன் செல்லும் மனைவியோ கணவரோ, 2015-இல் வந்த விதிக்குமுன் வேலையே செய்ய முடியாதிருந்தது. அவ்விதிக்குப் பின்னும் துணைவரின் கிரீன் கார்டு மனு குறிப்பிட்ட கட்டத்தை எட்டினால்தான் முடியும். கைக்குழந்தையாகச் சென்று அங்கேயே வளர்ந்த பிள்ளை, இருபத்தொரு வயதில் சார்ந்திருப்போர் என்ற தகுதியை இழந்து, தான் வளர்ந்த ஊரிலேயே மாணவர் விசாவுக்கு விண்ணப்பிக்க நேர்கிறது. இந்த ஏற்பாட்டின் மிகக் கொடிய பகுதி இதுவே.

இப்பாதையின் நுழைவாயிலாக இன்று இருப்பது எஃப்-1 என்னும் மாணவர் விசா. பல்கலைக்கழகம் அனுப்பும் ஐ-20 என்ற சேர்க்கைச் சான்றும், மாணவர் பதிவு முறைக்கான 350 டாலர் கட்டணமும், 185 டாலர் விண்ணப்பக் கட்டணமும், நேர்காணலுக்கான ஸ்லாட்டும் இதற்குத் தேவை. படிப்பு முடிந்தபின் ஓபிடி என்னும் பயிற்சிக் காலமாக ஓராண்டும், அறிவியல், தொழில்நுட்பப் பாடங்களாயின் மேலும் இரண்டாண்டும் வேலை செய்யலாம். அயல்நாட்டு மாணவர்களைக் கணக்கெடுக்கும் ஓபன் டோர்ஸ் அறிக்கையின்படி 2023-24 கல்வியாண்டில் அமெரிக்காவில் பயின்ற இந்திய மாணவர்கள் 3,31,602 பேர். 2009-க்குப் பின் முதன்முறையாக இந்தியா சீனாவை முந்தியது. அவர்களில் பெரும் பங்கினர் தெலுங்கு மாநிலத்தவர்.

ஒரு காலத்தில், தெலங்கானாவையும் உள்ளடக்கியிருந்த ஆந்திரத்தின் மக்கள் அமெரிக்க விசாவுக்குச் சென்னைக்கே வர வேண்டியிருந்தது. 2008 அக்டோபரில் பேகம்பேட்டையிலுள்ள பைகா அரண்மனையில் அமெரிக்கத் துணைத் தூதரகம் திறக்கப்பட்டது. விடுதலைக்குப் பின் இந்தியாவில் அமெரிக்கா தொடங்கிய முதல் தூதரக அலுவலகம் அது. 2023 மார்ச்சில் அது நானக்ராம்குடாவில் 34 கோடி டாலர் செலவில் எழுப்பப்பட்ட வளாகத்துக்கு இடம்பெயர்ந்தது. அங்குள்ள சாளரத்தின்முன் நிகழும் சில நிமிட உரையாடலை ஆள்வது 1952-இன் குடிவரவு, குடியுரிமைச் சட்டத்தின் 214(பி) பிரிவு. மாணவர், சுற்றுலா விசாக்களுக்கு விண்ணப்பிக்கும் ஒவ்வொருவரும் நிரந்தரமாகக் குடியேற எண்ணுபவரே என்று அப்பிரிவு முன்னதாகவே கருதிக்கொள்கிறது. அவ்வாறன்று என்று மெய்ப்பிக்கும் சுமை விண்ணப்பதாரர்மேல் விழுகிறது. மறுப்புக்கு விரிவான காரணம் தரப்படுவதில்லை, மேல்முறையீடும் இல்லை. தூதரக அதிகாரியின் முடிவில் நீதிமன்றங்கள் பொதுவாகத் தலையிடா என்பதை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2024-இலும் மீண்டும் உறுதி செய்தது.

இந்தச் சட்டத்தில் ஓர் உள்முரண் உண்டு. இலட்சக்கணக்கில் கல்விக் கடன் வாங்கிச் செல்லும் மாணவர், அங்கு சில ஆண்டுகள் வேலை செய்யாமல் அதை அடைக்க முடியாது. ஓபிடி என்ற ஏற்பாடே அதற்கு வழி வகுக்கிறது. ஆயினும் வேலை செய்யும் எண்ணத்தைச் சாளரத்தின்முன் வெளிப்படையாகச் சொன்னால் மறுப்பு வரக்கூடும். ஆகவே படிப்பு முடிந்ததும் ஊர் திரும்புவேன் என்று நம்பும்படி கூறப் பழக்குவது ஒரு தொழிலாகவே வளர்ந்துவிட்டது. அமீர்பேட்டை, பஞ்சாகுட்டா, தில்சுக்நகர் பகுதிகளின் கன்சல்டன்சிகள் பல்கலைக்கழகத் தேர்விலும் விண்ணப்பத்திலும் நேர்மையாக உதவுகின்றன. அவற்றினிடையே போலி மதிப்பெண் சான்றிதழும், சில நாட்களுக்கு மட்டும் கணக்கில் காட்டப்படும் இரவல் வங்கி இருப்பும் விற்போரும் இருக்கிறார்கள், காவல்துறை அவ்வப்போது அவர்களைக் கைது செய்தும் வந்திருக்கிறது. உண்மையைச் சொல்ல முடியாதபடி அமைந்த ஒரு விதி, பொய்யை விற்பவர்களுக்குச் சந்தையைத் திறந்துவிடுகிறது என்பதை அமெரிக்கச் சட்டம் இன்றுவரை கணக்கில் கொள்ளவில்லை.

நகருக்கு மேற்கே உஸ்மான்சாகர் ஏரிக்கரையிலுள்ள சில்கூர் பாலாஜி கோயில் விசா பாலாஜி என்று பெயர்பெற்றதும் இப்பின்னணியில்தான். வேண்டிக்கொள்ளும்போது பதினொரு சுற்றும், வேண்டுதல் நிறைவேறியபின் நூற்றெட்டுச் சுற்றும் வருவது அங்குள்ள வழக்கம், உண்டியல் கிடையாது. வெளியூர் ஏடுகள் இதை வேடிக்கையாக எழுதுவதுண்டு. காரணம் சொல்லாத, மேல்முறையீடு இல்லாத ஒரு முடிவின்முன் நிற்கும் குடும்பம் தெய்வத்திடம் செல்வதில் வேடிக்கை எதுவும் இல்லை.

மாணவர் பாதையின் ஆபத்தை முதலில் பெரிய அளவில் வெளிப்படுத்தியது, கலிஃபோர்னியாவின் பிளசன்டன் நகரில் இயங்கிய டிரை-வேலி பல்கலைக்கழகம். 2011 ஜனவரியில் அதிகாரிகள் அதை மூடியபோது ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட மாணவர்கள் நிர்க்கதியாயினர். அவர்களில் மிகப் பெரும்பான்மையினர் இந்தியர், குறிப்பாக ஆந்திரத்தார். பாதிக்கும் மேற்பட்டோர் சன்னிவேல் நகரின் ஒரே முகவரியில் வசிப்பதாகப் பதிவாகியிருந்தது. மாணவர்கள் சிலரின் கணுக்காலில் கண்காணிப்புக் கருவி பூட்டப்பட்டதை இந்திய அரசு கண்டித்தது. நிறுவனத்தை நடத்திய சூசன் சூவுக்கு 2014-இல் பதினாறு ஆண்டுக்கும் மேற்பட்ட சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. டிரை-வேலி மூடப்பட்டு எட்டாண்டு கழித்து, 2019 ஜனவரியில், மிச்சிகன் மாநிலத்தின் ஃபார்மிங்டன் பல்கலைக்கழகம் பற்றிய உண்மை வெளிவந்தபோது நிலைமை இன்னும் சிக்கலாக இருந்தது, ஏனெனில் அந்தப் பல்கலைக்கழகத்தை உருவாக்கி நடத்தியதே அமெரிக்கக் குடிவரவு அமலாக்கத் துறைதான். முகவர்களைப் பிடிப்பதற்கான வலை அது. ஆசிரியரோ வகுப்போ இல்லை. ஆனால் இணையதளமும் அங்கீகாரமும் கட்டண வசூலும் இருந்தன. முதற்கட்டத்தில் பிடிபட்ட 130 மாணவர்களில் 129 பேர் இந்தியர். வகுப்பே இல்லை என்று அறிந்தே பணம் கட்டினார்கள் என்பது அரசின் வாதம். செலுத்திய கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்ற மாணவர் தரப்பு வழக்கைத் தொடர்ந்து நடத்தலாம் என 2024-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாணவர்களில் சிலர் தவறறிந்து செய்திருக்கலாம். வரம்புக்குட்பட்ட எச்-1பி இடங்களுக்கான குலுக்கலில் பெயர் வராமல் ஓபிடி முடிந்துவிட்டால், நாட்டைவிட்டு வெளியேறாமலிருக்க எஞ்சும் வழி ஏதேனும் ஒரு கல்லூரியின் பதிவேட்டில் பெயரைத் தக்கவைப்பது மட்டுமே என்பதையும் சேர்த்தே அந்தத் தவறை எடைபோட வேண்டும்.

2025-இல் விதிகள் மாறிய வேகம் முன்னர் காணாதது. மே மாத இறுதியில் மாணவர் நேர்காணல்களுக்குப் புதிய ஸ்லாட்டுகள் நிறுத்தப்பட்டு, விண்ணப்பதாரர்கள் தம் சமூக ஊடகக் கணக்குகளைப் பொதுப்பார்வைக்குத் திறந்துவைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு ஜூனில் மீண்டும் தொடங்கின. செப்டம்பர் 19-இல் வெளியான அதிபர் அறிவிப்பு, புதிய எச்-1பி மனுக்களுக்கு ஒரு இலட்சம் டாலர் கட்டணம் விதித்தது. அமெரிக்காவுக்குள்ளேயே மாணவர் நிலையிலிருந்து மாறுவோருக்கு அது பொருந்தாது என அக்டோபரில்தான் தெளிவுபடுத்தப்பட்டது. செப்டம்பர் அறிவிப்பு வந்த உடனேயே, ஊரில் விடுமுறையில் இருந்தவர்கள் கிடைத்த விமானத்தில் ஏறித் திரும்ப விரைந்தனர். டிசம்பர் 15 முதல் எச்-1பி, எச்-4 விண்ணப்பங்களுக்கும் சமூக ஊடகச் சோதனை விரிவுபடுத்தப்பட்டதால், ஸ்டாம்பிங்குக்காக, அதாவது பாஸ்போர்ட்டில் புது விசா ஒட்டிக்கொள்வதற்காக, இந்தியா வந்திருந்த பலரின் நேர்காணல்கள் மாதக்கணக்கில் தள்ளிவைக்கப்பட்டன. பிற நாடுகளும் கதவை ஒருக்களித்துவருகின்றன. கனடா 2024-இல் கல்வி அனுமதிகளுக்கு உச்சவரம்பு விதித்தது. பிரிட்டன் அதே ஆண்டு முதல் பெரும்பாலான முதுநிலை மாணவர்கள் குடும்பத்தை உடன் அழைத்துவரத் தடை விதித்தது.

கதவுகள் ஒடுங்கும்போது மோசடிக்காரர்களின் வழிகள் விரிவடைகின்றன. உதவியாளர் வேலை என்று நம்பி ரஷ்யா சென்று, உக்ரைன் போர்முனைக்கு அனுப்பப்பட்டவர்களுள் ஹைதராபாத் இளைஞர் ஒருவர் உயிரிழந்தது 2024 மார்ச்சில் தெரியவந்தது. அம்மாதமே சிபிஐ முகவர்கள்மீது வழக்குப் பதிந்து பல நகரங்களில் சோதனை நடத்தியது. கம்போடியாவிலும் மியான்மரிலும் கணினி வேலை என்று சொல்லி அழைத்துச்செல்லப்பட்டு, இணைய மோசடிக் கூடங்களில் அடைக்கப்பட்டவர்களில் தெலங்கானா இளைஞர்களும் உண்டு. இவர்களில் பலர் படித்தவர்கள், சுற்றுலா விசாவில் சென்றவர்கள். ஆகவே 1983 சட்டத்தின் பாதுகாவலர் இவர்களின் ஒப்பந்தத்தைப் பார்க்கவே இல்லை.

சட்டத்தின் கோடு பத்தாம் வகுப்பில் போடப்பட்டிருப்பதே இங்குள்ள அடிப்படைக் கோளாறு. நாற்பதாண்டுக்கு முன் படித்தவர் ஏமாறமாட்டார் என்று எண்ணப்பட்டிருக்கலாம். இன்று பத்தாம் வகுப்புத் தேறாத கொத்தனாரின் ஒப்பந்தத்தை அரசின் இணையதளம் சரிபார்க்கிறது, அவரிடம் முகவர் வாங்கும் கட்டணத்துக்குச் சட்டம் வரம்பு வைக்கிறது. பெற்றோரின் நிலத்தை அடகுவைத்துச் செல்லும் பொறியியல் பட்டதாரியின் ஐ-20 எந்தக் கல்லூரியிலிருந்து வந்தது, அனுப்பும் கன்சல்டன்சி அக்கல்லூரியிடம் எவ்வளவு தரகு பெறுகிறது என்பதைக் கேட்கத் தேசிய அளவில் சட்டமே இல்லை. பஞ்சாப் மாநிலம் பயண முகவர்களையும் கல்வி ஆலோசகர்களையும் உரிமம் பெறச் செய்யும் சட்டத்தை வைத்திருக்கிறது. தெலங்கானா அரசு வெளிநாட்டுப் படிப்புக்கு ஒடுக்கப்பட்ட, பிற்படுத்தப்பட்ட, சிறுபான்மை மாணவர்களுக்கு இருபது இலட்ச ரூபாய்வரை உதவித்தொகை தருகிறது. வளைகுடாவில் இறந்தோர் குடும்பங்களுக்கு ஐந்து இலட்ச ரூபாய் வழங்குகிறது. புறப்படுமுன் பணமும் இறந்தபின் பணமும் தர முன்வந்த அரசு, கன்சல்டன்சிகளின் பெயர்ப்பட்டியலையும் அவை பெறும் தரகையும் வெளியிடச் செய்யும் விதி ஒன்றை இயற்ற முடியாது என்பதற்கு ஏற்கத்தக்க காரணம் இல்லை. 1983 சட்டத்துக்கு மாற்றாக 2021-இல் ஒரு வரைவும் 2025-இல் மற்றொரு வரைவும் பொதுமக்களின் கருத்துக்கு வைக்கப்பட்டன. மாணவர்களையும் சுற்றுலா விசாவில் வேலைக்கு அனுப்பப்படுவோரையும் அந்தப் புதிய சட்டம் எந்த அளவுக்குத் தன் பாதுகாப்புக்குள் கொண்டுவரும் என்பதே நாடாளுமன்றத்தில் எழுப்பப்பட வேண்டிய முதல் கேள்வி.